எழுபத்தெட்டு வாட்

ஆடிட்டர் பெனடிக்ட் குன்னூரிலிருந்து வந்தபோது
பிஸ்கட் பாக்கெட் அளவில் ஒரு கருவி கொண்டுவந்தார்.
பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே அதைச் செருகினார்.
என் மானிட்டர்
முதல் முறையாகத் தன் பசியைச் சொன்னது:
எழுபத்தெட்டு வாட்.

குழாய் வைத்த மானிட்டர், முதுகு பெருத்தது,
ஃபேக்டரியில் எனக்கு நாலு வருடம் சீனியர்.
"தினம் ஒன்பது மணி நேரம், மாதம் இருபத்தாறு நாள்,
பதினெட்டு யூனிட் குடிக்குது மேடம்.
புதுசு பத்தொன்பது வாட்தான்" என்றார்.

பக்கத்துக் கட்டடத்தில்
இலை வாட்டும் விசிறிகள் இரவும் பகலும் உறுமின.
அவற்றிடம் போய்க் கருவியை நீட்ட
அவருக்கும் தைரியமில்லை.

பழையதை எடைக்குப் போட்டார்கள்,
பச்சை இலை நிறுக்கும் அதே தராசில்.
பதினேழு கிலோ இருநூறு.
"ஈரத்துக்குக் கழிக்கணுமா?" என்றான் தராசில் நின்ற சிவணன்.
சிரித்தோம். அது அக்டோபர்.

மஞ்சூரில் டிசம்பர் பிறந்தால்
காலை எட்டு மணிக்கும் புல்லில் உப்புத் தூவியிருக்கும்.
அப்போதுதான் தெரிந்தது எனக்கு:
இத்தனை வருடமும்
அந்த முதுகுத் துளைகளில் விரலைக் காய்ச்சிக்கொண்டுதான்
நாளின் முதல் எண்ணை அடித்திருக்கிறேன்.
வெளிச்சமாக மாறாத மின்சாரம்
வீணாய்ப் போகவில்லை.
மேலே சுருண்டிருந்த பூனைக்குப் போனது கொஞ்சம்.
ரசீதுக்கு நிற்பவர்கள் கவுண்டருக்கு மேலே கை நீட்டி
அரை நிமிடம் வாங்கிக்கொண்டார்கள்,
யாரும் எதிலும் கையெழுத்துப் போடாமல்.

புதியது தட்டை. தொட்டால் ஜன்னல் கண்ணாடிபோல் சில்லென்று.
பூனை இரண்டு முறை தாவிப் பார்த்தது,
வைக்க ஒரு காலுக்கும் இடமில்லை.

மரத்த விரலுக்கு முன்னது எது, பின்னது எது?
அறுபத்தொரு கிலோ இலை போட்ட கிண்ணக்கொரை போஜன்
பதினாறுக்கு ரசீது வாங்கிப் போனார்.
மறுநாள் வந்தார். கத்தவில்லை.
தாளைக் கவுண்டரில் வைத்துவிட்டு,
பேசுவதற்கு முன், பழக்கத்தில்
மானிட்டரின் பின்பக்கம் கையை நீட்டினார்.
கை காற்றில் நின்றது.
"இதுக்கு முதுகே இல்லையா?"

திருத்திக் கொடுத்தேன்.
மேனேஜர் ஹீட்டர் வாங்கித் தந்தார்.
இரண்டு சிவப்புக் கம்பி, ஆயிரம் வாட்.

என்னிடமும் கால்குலேட்டர் இருக்கிறது.
மாதம் முழுக்க மானிட்டர் மிச்சம் பிடிக்கும் பதினாலு யூனிட்டை
இது பதினாலு மணி நேரத்தில் தின்றுவிடும்.
திங்கள் காலை போட்டால்
செவ்வாய் மதியச் சாப்பாடு வரை.
அதற்குப் பிறகு எல்லா நாளும் கடன்.

இத்தனைக்கும்
குந்தாவின் தண்ணீர் எங்கள் காலடியில்தான்
குழாய்க்குள் தலைகீழாக இறங்குகிறது.
கெத்தையில் சுழன்று மின்சாரமாகி
கோபுரம் கோபுரமாய் எங்கள் தேயிலைக்கு மேலே நடந்து
சமவெளிக்குப் போகிறது.
ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால்
எங்களுக்கு இரண்டு நாள் இருட்டு.
கணக்கில் அந்த இரண்டு நாளும் லாபம்.

அடுத்த மாதம் பெனடிக்ட் மறுபடி வருவார்.
கருவியைச் செருகுவார், பத்தொன்பது காட்டும்,
பச்சை மையில் டிக் போடுவார்.
ஹீட்டர் என் மேஜைக்கு அடியில்.
அதன் ஸ்விட்சை மறைத்துப் படுத்திருக்கிறது பூனை.
கேட்டால் சொல்வேன். கேட்க மாட்டார்.

நேற்று போஜன் வந்தார், நாற்பத்திரண்டு கிலோ.
ரசீதை வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு முறை படித்தார்.
இன்னொரு கை
பாக்கெட்டிலேயே இருந்தது.