தோன்றா எழுவாய்

செவ்வாய் மாலை. அறை நூற்றுப் பதினான்கு.
ஹீட்டர் இருமுகிறது. ஜன்னலுக்கு வெளியே
பிளாட் ஆற்றின் மணல்திட்டில் இறங்கும் கொக்குகள்
நான் சொல்வதையெல்லாம் மறுத்துக் கத்துகின்றன.
மார்ச் மாத நெப்ராஸ்காவில்
சொல்லாட்சித் திறனாய்வு நடத்துவது இப்படித்தான்.

இருபத்திரண்டு பேர். பாதிப் பேர்
வேலையிலிருந்து பூட்ஸ் சேற்றோடு வந்தவர்கள்.
உங்களை எதையாவது நம்பச் சொல்லும் தாள் ஒன்று
கொண்டு வாருங்கள் என்றிருந்தேன்.
டுவெய்ன் கொசிசெக், டிராக்டர் விளம்பரம்.
யெசேனியா, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நகல்,
பாதிரியார் மூச்சு வாங்கிய இடங்களையும் குறித்திருந்தாள்.
டெலனி ஹெர்காட் நீட்டியது
தானியக் கிடங்கின் முத்திரை போட்ட கடிதம்.
நவம்பரில் தூசி வெடித்துக் கான்கிரீட் கோபுரம் பிளந்ததே,
அதன் பிறகு ஊரின் எல்லாத் தபால்பெட்டியிலும் விழுந்தது.

"வருந்தத்தக்க நிகழ்வொன்று நேர்ந்தது.
மூன்று உயிர்கள் இழக்கப்பட்டன.
பராமரிப்பில் தாமதம் ஏற்பட்டிருக்கக்கூடும் என
அறியப்படுகிறது."

எனக்குப் பந்தியில் உட்கார வைத்தது போலிருந்தது.
இருபது வருடமாக இதைத்தானே தேடித் தின்கிறேன்.
இழந்தது யார்? தாமதித்தது யார்? அறிந்தது யார்?
சாக்பீஸ் உடைந்தது.
பாருங்கள், வினை மட்டும் நடக்கிறது,
எழுவாய் எழுந்து போய்விட்டது.
போகிற போக்கில் விளக்கையும் அணைத்துவிட்டது.
இதை எழுதியவர் கோழை, என்றேன்.
வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.
டெலனி குறித்துக்கொண்டாள்,
கோழை என்பதையும்.

நானும் லேசுப்பட்ட ஆளில்லை.
ஒமாஹா மாநாட்டுக்கு எழுதிய என் கட்டுரையில்
"என வாதிடப்படுகிறது" பதினேழு தடவை.
"தெளிவு போதாதெனக் கருதப்படுகிறது"
என்று அது திரும்பி வந்தது.
கருதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

சிவப்பு மை மாணவரை நோகடிக்கும் என்பதால்
பச்சையில் திருத்துகிறேன்.
செயப்பாட்டுவினை கண்ட இடமெல்லாம்
ஓரத்தில் ஒரே சொல்: யார்?

ஏப்ரலில் கொக்குகள் வடக்கே போயின, கட்டுரைகள் வந்தன.
டெலனியுடையது ஒன்பது பக்கம்.
முதல் ஐந்தில் நான் சொன்னதையே
என்னைவிட ஒழுங்காக அடுக்கியிருந்தாள்.
ஆறாம் பக்கத்தில் ஒளிநகல்:
கடிதத்தின் முதல் வரைவு.
மின்கட்டண ரசீதின் முதுகில், சாய்ந்த கையெழுத்தில்.

"வடிகட்டியை மாற்றச் சொல்லி ஜூனிலேயே கேட்டார்கள்.
நாங்கள் மாற்றவில்லை.
ராய் பென்ட்லர், கட்வெக் டெங், ஃபெர்மின் ஷோல்
இவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட
நாங்கள் இன்னும் போகவில்லை."

இரண்டு "நாங்கள்" மேலும்
வேறொரு கையின் நீலக் கோடு.
பெயர்கள் மேல், அழுத்தி, இரண்டு கோடு.

அடிக்குறிப்பு பன்னிரண்டு:
மூலப்பிரதி, தனியார் சேகரிப்பு,
சமையலறை மேசை, இரண்டாம் இழுப்பறை.

ரசீதின் மறுபக்கம் நகலில் மங்கலாகக் கசிந்திருந்தது.
தாளைத் திருப்பி விளக்கில் பிடித்தேன்.
எல்ம் தெரு.
ஹெர்காட்.

கோழை என்ற சொல்லைக் கட்டுரை முழுக்கத் தேடினேன்.
இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம்
மற்றவற்றோடு சேராமல் தள்ளி நின்றது:
"கடிதம் அச்சுக்குப் போன இரவு
பாத்திரங்கள் இருமுறை கழுவப்பட்டன.
விடியும்வரை அழப்பட்டது."

அழுகைக்குச் செயப்பாட்டுவினை கிடையாது.
எந்த இலக்கணமும் ஒத்துக்கொள்ளாது.
பழக்கதோஷம், பச்சைப் பேனா தானாக இறங்கியது.
முதல் எழுத்தில் நிறுத்தினேன்.
அது இப்போதும் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது,
அடைப்புக்கும் ஆகாமல், அழிக்கவும் ஆகாமல்.

மதிப்பெண்கள் வெள்ளிக்குள் பதிவேற்றப்பட வேண்டும் என்று
அலுவலகத்திலிருந்து மூன்றாம் நினைவூட்டல்.
ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை, என்று பதில் அடித்து
அடித்ததை அழித்தேன்.
நான் நிரப்பவில்லை.