பதினோரு வருடத்தில் ஒரு மீன்

காலை ஏழரை.
பூலாவ் திக்குஸ் பசார் வாசலில்
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தால்
எட்டுப் பேரும் பின்னால் வருவார்கள்.
"எலித்தீவு என்று அர்த்தம்,
ஆனால் எலி விற்பதில்லை" என்பேன்.
இந்த இடத்தில் சிரிக்க வேண்டும்.
சிரித்தார்கள்.

பிறகு புங்கா கந்தான்.
பிறகு நான்கு வகை வாழைப்பழம்.
பிறகு கக் ரொஹானியின் தட்டில்
கட்டுக் கட்டாய் உலாம் இலை.
ஒன்றைக் கிள்ளி மோந்து பார்க்கச் சொல்வேன்,
கசப்புதான் மருந்து என்பேன்.
நான் அதைக் கடைசியாகத் தின்றது
பள்ளிச் சீருடை போட்ட காலத்தில்.

படம் எடுக்காதவள் ஒருத்தி இருந்தாள்.
லொரெட்டா. பலெர்மோக்காரி.
கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கத்தரிக்காயின் காம்பைத் திருப்பிப் பார்த்தாள்.
யாரோ ஒரு அம்மாள் வெண்டை நுனி ஒடிப்பதைப் பார்த்துத்
தானும் ஒடித்தாள்.
கடைக்காரர் மேகவண்ணன்
என்னைத்தான் முறைத்தார்.

மீன் வரிசையில் தரை எப்போதும் ஈரம்.
என் காலணி வெள்ளை.
அங்கே குடை மட்டும் உள்ளே போகும்,
நான் வெளியில் நின்று விளக்குவேன்.
அவள் குடையைத் தாண்டிப் போனாள்.
கறுப்பு வவ்வாலின் செவுளைத் தூக்கி
உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள்.
பாஷை இல்லை, விரல்கள் போதும்.
ஆ ஹூய் இருபத்தெட்டு காட்டினான்.
அவள் பதினாறு.
அவன் நெஞ்சில் கை வைத்தான்.
அவள் கூரையைப் பார்த்தாள், கூரைக்கு மேலும் பார்த்தாள்.
நாடகம் என்று இருவருக்கும் தெரியும்,
எனக்குத்தான் வியர்த்தது.

இருபத்திரண்டில் படிந்தது.
படிந்ததும் மீனைக் கீழே வைத்துவிட்டு
ஓட்டலில் அடுப்பில்லை என்று கையால் சொன்னாள்.
அடிப்பானோ என்று பயந்தேன்,
அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.
மூன்று வாரமாய்ப் பேரம் பேசாமல்
வாய் நமநமத்துக் கிடந்ததாம் அவளுக்கு.

பிறகு என்னைக் காட்டிக் கேட்டாள்:
"இவள் உன்னிடம் என்ன வாங்குவாள்?"
கேள்வியை மலாயில் சொன்னது நான்.
பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டியதும் நான்.
"இவளா?
பதினோரு வருடமாய் ஆள் கொண்டுவருகிறாள்.
ஒரு மீன்? ஒரு வால்?"
மொழிபெயர்க்காமல் நின்றேன்.
பக்கத்துக் கடை வரை கேட்ட சிரிப்புக்கு
மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

என் மீன்
ஞாயிறு இரவு, குளிர்சாதனத்தில்,
தலையும் கண்ணும் இல்லாமல்
விலை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும்.
தள்ளுவண்டி தள்ளலாம். கார் நிறுத்த இடமுண்டு.
யாரிடமும் ஒரு சொல் பேச வேண்டாம்.
பேரம் இல்லாத பேரங்காடி.

லொரெட்டா ஆறு கெம்போங் எடுத்தாள்,
ஒன்றை வளைத்துப் பார்த்து ஐந்தாக்கினாள்.
"பன்னிரண்டு" என்றான் ஆ ஹூய்.
பணப்பையைத் திறந்தேன்.
முழங்கையில் ஒரு கிள்ளு.
பள்ளிக்கூட வாசலில் கற்ற ஹொக்கியனைத் தேடி எடுத்து
"பத்து" என்றேன்,
குரல் வேறு யாருடையதோ போல் வந்தது.
அவன் என்னையும் குடையையும் பார்த்தான்.
"வருடத்துக்கு ஒரு வெள்ளி.
பதினொன்று கொடு."

வேனில் தண்ணீர் போத்தல்களுக்கு நடுவே
பனிக்கட்டியில் ஐந்து கெம்போங்.
ஜெர்மன்காரர் மூக்கைத் தொட்டார்.
ஓட்டுநர் ஹஷிம் ஒன்றும் சொல்லாமல்
ஜன்னலை இறக்கினார்.

கூ கொங்சியின் கல்சிங்கத்தின் முன்னால்
குடையை உயர்த்தினேன்.
விரல்களில் இன்னும் அந்த வாடை.
வீட்டில் கத்தி எந்த இழுப்பறையில்,
புளி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா.
"எந்த ஆண்டு கட்டியது?" என்றார் ஒருவர்.
தினமும் சொல்லும் ஆண்டுதான்.
"பதினொன்று" என்றேன்.

லொரெட்டா மட்டும் சிரித்தாள்.