பதினோரு லிட்டர்

மூன்றாவது கம்ப்ரசரும் இறுகிப்போச்சு என்று
ஃப்ரேசியா தொலைபேசியில் சொன்னபோது
புந்தா அரேனாஸில் நான்
அவித்த முட்டைக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தேன்.
"எண்ணெய் எரிந்து தீர்வதில்லையே, இன்ஜினியர்.
எங்கேதான் போகிறது?"

இதற்குமுன் இருமுறை இதையே கேட்டிருந்தாள்.
இருமுறையும் நான் சொன்னது:
இன்னும் கொஞ்சம் ஊற்று.

மகெல்லன் நீரிணையைக் கடக்கும் படகில்
வரைபடத்தை மடியில் விரித்தேன்.
காற்று ஒரு மூலையைப் பிடித்திழுத்தது,
தனக்கும் காட்டச் சொல்லி.
கீழ்த்தளத்தில் நண்டு உறையும் அறை.
கூரைமேல் கம்ப்ரசர்கள்.
நடுவே ஒன்பது மீட்டர் செங்குத்துக் குழாய்,
அறுபத்தாறு மில்லிமீட்டர்,
பக்கத்தில் என் கையெழுத்து.

தாராளமாய்த்தான் வைத்தேன்,
வாயு நெரிசலில்லாமல் போகட்டுமென்று.
ஜூலையில் பருவம் திறந்து
சென்தோயா நண்டு கூடை கூடையாய் இறங்கும்போது
அந்த அகலம் சரி.
நான் கணக்குப் போட்டது ஜூலைக்கு.
ஜனவரிக்கு யார் கணக்குப் போடுகிறார்கள்?

தன் காலில் நடக்கத் தெரியாதது எண்ணெய்.
வாயுவோடு கிளம்பி வெளியே போய்விடும்.
திரும்ப வேண்டுமானால்
குழாயின் உட்சுவரில் மெல்லிய தோலாய் ஒட்டிக்கொண்டு
வாயு தள்ளத் தள்ள
ஒன்பது மீட்டரும் ஏறியாக வேண்டும்.
தள்ளும் கை தளர்ந்தால்
ஏறியதெல்லாம் வழுக்கி அடிக்கு வந்துவிடும்.

போர்வெனிரில் காற்று நிற்கும் நாள்
வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.
அன்று ஊரே வாசலுக்கு வந்து
எதையோ தொலைத்ததுபோல் நிற்கும்.
வேலிக்கம்பியில் மாதக்கணக்காய்ப் படபடத்த
பிளாஸ்டிக் பைகள் தலைதொங்கும்.
அப்படி ஒரு நாள்
டிசம்பரிலிருந்து என் குழாய்க்குள்
முடியாமல் கிடந்திருக்கிறது.

பதிவேட்டை நீட்டினாள் ஃப்ரேசியா. சாயாத எழுத்து.
கண்ணாடியில் எண்ணெய்: பாதி.
கால்.
தெரியவில்லை. இன்ஜினியர் சொன்னபடி ஊற்றினேன்.
அந்தச் 'சொன்னபடி'யைத் தாண்ட
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வாயுவை உருளைக்கு மாற்றிவிட்டு
பால்தோவினோ குழாயின் அடியில் ரம்பம் வைத்தான்.
முதலில் ஒரு சின்ன மூச்சு.
பிறகு வந்தது,
அவசரமே இல்லாமல்,
இவ்வளவு நாள் இங்கேதானே இருந்தேன் என்பதுபோல்.
இன்னொரு வாளி கேட்டான்.

ஃப்ரேசியா குவளையால் அளந்தாள்.
ஊற்றியது பதினோரு லிட்டர்.
கிடைத்தது ஒன்பதே முக்கால்.
மேலே, உலர்ந்து சுழன்ற பேரிங்குகள்
மூன்றிலும் நீலம் பாரித்திருந்தன.

இப்போது இரண்டு குழாய்கள்:
ஐம்பத்து நான்கு ஒன்று, முப்பத்தைந்து ஒன்று,
அடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு.
வேலை குறையும் மாதத்தில்
ஏற மாட்டாத எண்ணெய் வளைவில் தேங்கி
பெரிய வழியைத் தானே அடைத்துவிடும்.
வாயு மொத்தமும் சிறிய குழாய்க்குள் முண்டியடித்து
எண்ணெயை இழுத்துக்கொண்டு மேலேறும்.
நெருக்கடியில்தான் ஏற முடியும் போலிருக்கிறது.
இதை வாழ்க்கைக்குப் பாடமாக்கலாம்தான்;
மூன்று கம்ப்ரசருக்கான ரசீது என் பெயரில் வந்திருப்பதால்
நான் ஆக்கவில்லை.

மேல்குழாயைக் கம்ப்ரசர் பக்கம் சாய்த்துக் கட்டினோம்,
மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர்.
பால்தோவினோ மட்டக்கோலை வைத்து
குமிழி நகர்ந்ததும் தலையாட்டினான்.

இரவு பத்து. வெளியே இன்னும் வெளிச்சம்.
டார்ச்சோடு கண்ணாடிமுன் குந்தியிருந்த ஃப்ரேசியா
'பாதி' என்று எழுதினாள்.
எழுதுகோலை எடுக்கவில்லை.

"அந்த ஒன்றேகால் லிட்டர்?"
"எங்கேயோ சுருளுக்குள் இருக்கும்."
"எங்கேயோ என்றே எழுதிவிடட்டுமா?"