எடைமேடை எண் இரண்டு

கொச்கோரில் நிலக்கரிக் கிடங்கு.
மைனஸ் இருபத்திரண்டு.
எடைமேடைக் கூண்டில் இருக்கும் கணினிக்கு
ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும்
2004, ஜனவரி ஒன்று.

வருகிற லாரிக்கெல்லாம்
அந்தத் தேதியில்தான் ரசீது.
'எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை' என்று
நூர்தோலோத் அதை முத்தமிட்டுப் பையில் செருகுவான்.
எல்லாரும் சிரிப்பார்கள்,
ரசீது எழுதுகிற சபர்குல் தவிர.

மாவட்ட அலுவலகம் அனுப்பி வந்தவள் நான்.
காசு மாதிரி இருக்கும் மின்கலத்தை மாற்றினேன்.
மறுபடி 2004.

'இருந்துவிட்டுப் போகட்டுமே' என்றார்
முதலாளி இமான்காஸி, கையுறை கழற்றாமல்.
'எடையைச் சரியாகத்தானே காட்டுகிறது?'
என்னையும் ஒருமுறை எடை போட்டார்.
அதில் எத்தனை கிலோ குறைத்தாரோ.

கோளாறு பயாஸில்.
அணைந்தால் தேதியை மறப்பது
அந்தப் பதிப்பின் பிறவிக்குணம்.
அதைத் திருத்திய பதிப்பு
பதினைந்து வருடமாக வெளியே நிற்கிறது,
உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை.

என் அறுபத்துநாலு ஜிபி டிரைவை
அது ஏறிட்டும் பார்க்கவில்லை.
முப்பத்திரண்டையும்.
'சின்னதாக ஏதாவது இருக்கிறதா?'

சபர்குல் சால்வைக்குள் கைவிட்டு எடுத்தாள்.
512 எம்பி. மூடி இல்லை. நூல் கட்டியிருந்தது.
உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

'ஃபார்மட் பண்ண வேண்டும், எல்லாம் போய்விடும்.'
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே முதலாளி புகைத்துக்கொண்டிருந்தார்.
'ஒரே ஒரு கோப்புதான்.'

நான் திறந்திருக்கக் கூடாது.
திறந்தேன்.
நான்கு குளிர்காலம்.
லாரி எண், ஓட்டுநர், உண்மைத் தேதி,
மேடை காட்டிய எடை, ரசீதில் ஏறிய எடை.
இரண்டுக்கும் நடுவே வரிக்கு வரி
முந்நூறு கிலோ, நானூறு கிலோ
காற்றோடு போயிருந்தது.
எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு கேபி.

ஒன்றும் கேட்காமல் என் மடிக்கணினிக்கு நகலெடுத்தேன்.
டிரைவைத் துடைத்தேன்.
முதலில் பழைய பயாஸை அதில் எழுதி வைத்தேன்,
புதியது ஒத்துவராவிட்டால்
திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே.

திரை எச்சரித்தது: மின்சாரத்தை அணைக்காதீர்கள்.
கொச்கோரில் இதை யாரிடம் போய்ச் சொல்ல?
நூர்தோலோத்திடம் சொன்னேன்.
காமாஸைப் பின்னோக்கி ஓட்டிக் கூண்டோடு ஒட்டினான்,
பேட்டரியில் இன்வெர்ட்டர் மாட்டி
ஜன்னல் வழியே ஒயரை நீட்டினான்.
என்ஜினை அணைக்கவில்லை.

அறுபத்தொரு சதவீதத்தில் தெரு இருண்டது.
எங்கள் திரை மட்டும் நீலமாக.
லாரியின் நடுக்கம் தரை ஏறி
என் முழங்கால் வரை.
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
அறுபத்து மூன்று.

மறுபடி எழுந்ததும் இன்றைய தேதியை இட்டேன். எஃப் பத்து.
சேமிக்கவா? ஒய், என்.
விசைகளில் ஆங்கிலம் தேய்ந்து ரஷ்யன் மட்டும் மிச்சம்.
ஒய் போல ஒன்று தெரிந்தது, அழுத்தினேன்.
அசையவில்லை. அது அவர்களுடைய 'ஊ'.
சபர்குல் என் கையைத் தாண்டி
எச் போலிருந்த ஒன்றைத் தட்டினாள்.
சேமித்துவிட்டது.

ஒயரைப் பிடுங்கினோம். மறுபடி செருகினோம்.
தேதி நின்றது.

முதல் ரசீது நூர்தோலோத்துக்கு.
தேதியைப் படித்தான்.
பிறகு எடையைப் படித்தான்.
முத்தமிடவில்லை.
முதலாளி சிகரெட்டை மிதித்துவிட்டு
உள்ளே வந்து கொண்டிருந்தார்.

கோப்பை டிரைவில் திரும்பப் போட்டு நூலோடு கொடுத்தேன்.
'என்னிடம் இருக்கும் நகலை அழித்துவிடவா?'

சால்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:
'எது ஆம், எது இல்லை என்று
உனக்குத்தான் விசை தெரியாதே.'