ஏசித் தண்ணீர்

உவர்மலையில் வாடகைக்கு எடுத்த வீட்டில்
குசினிச் சுவருக்கும் றிஸ்மினாவின் மதிலுக்கும் இடையே
மூன்றடி அகலம், பதினாறடி நீளம்.
வெயில் பத்தேகாலுக்கு எட்டிப் பார்க்கும்,
பத்தரைக்குப் போய்விடும்.
உடைந்த வாளிகளும் துருப்பிடித்த சைக்கிள் ஒன்றும்
அங்கே குடியிருந்தன.

அவளுடைய ஏசியின் குழாய்
என் பக்கம்தான் வடிந்தது.
சுவர் ஊறுகிறது என்று
நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
இரண்டு பக்கம்.
பதில் வரவில்லை.
பதிலுக்குப் பன்னம் வந்தது.

அட்டனிலிருந்து மாற்றலாகி வந்த லோகேஸ்வரி
பிஸ்கட் ரின்னில் ஈரக் கடதாசி சுற்றி
இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.
வாள் இலைக்காரன் இரண்டு,
கறுப்பு நூல்போல் காம்புள்ள சின்னது ஒன்று,
பலகையில் கட்டிய மான்கொம்பு ஒன்று.
"கச்சான் தொடங்கினால் தெரியும்.
நின்றுபிடித்தால் உன்னுடையது,
இல்லாவிட்டால் எனக்குச் சொல்லாதே."

தும்பு, உமிக்கரி, ஓட்டுத் துண்டு,
மாவிலை மக்கிய மண்.
எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.
கிணற்றுத் தண்ணீர் சவர்.
ஒரு கிழமைக்குள் நுனியெல்லாம் கருகின,
குழாய்க்குக் கீழே தற்செயலாய் வைத்த
ஒன்றைத் தவிர.

உப்பில்லாத தண்ணீர்.
அவளுடைய அறைக் காற்றிலிருந்து,
அவள் மூச்சிலிருந்தும் கொஞ்சம் இருக்கலாம்,
குளிர்ந்து ஒடுங்கி
நிமிடத்துக்கு நாற்பது சொட்டு.
துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவள் நான்,
எண்ணாமல் இருக்க முடியாது.
எல்லாத் தொட்டிகளையும் குழாயடிக்கு நகர்த்தினேன்.
கடிதத்தைத் திருப்பி வாங்கப் போனபோது
"எந்தக் கடிதம்?" என்றார் கிளார்க்.

இரவில் மான்கள் வந்தன.
அடுத்த தெருவின் செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டு
எங்கள் படலைத் தலையால் தள்ளி
ஒரு கலை உள்ளே நின்றது.
தன் தலையில் இருப்பதைப்
பலகையில் பச்சையாய்க் கண்டு
முகர்ந்தது, கொஞ்சம் யோசித்தது,
சாப்பிடாமல் போனது.

ஜூனில் றிஸ்மினா
மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் குருநாகல் போனாள்.
குழாய் காய்ந்தது.
கச்சான் ஓட்டிடுக்கால் இறங்கி
மண்ணை உமியாக்கியது.
கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி ஊற்றினேன்.
"செடிக்குப் போத்தல், நமக்குச் சவரா?"
கிருபைராசா சிரித்தார், ஆனாலும் தூக்கிவந்தார்.
சின்னது போய்விட்டது.
லோகேஸ்வரிக்குச் சொல்லவில்லை.

நாற்பத்தியோராம் இரவு
மதிலுக்கு அப்பால் கரகரவென்று ஒரு சத்தம்.
எழுந்து போய் இருட்டில் கையை நீட்டினேன்.
ஒன்று. பிறகு ஒன்று.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, நான் டியூட்டியில்.
இலைகளின் அடியில் வரிசை வரிசையாய்
மண்ணிறப் புள்ளிகள் கண்டு,
பூச்சி என்று நினைத்து,
பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால்
ஒவ்வோர் இலையாய்த் தேய்த்துக் கழுவியிருந்தார் மனிதர்.
வந்தபோது சேட்டெல்லாம் ஈரமாய், பெருமையாய் நின்றார்.
அது நோயல்ல, அதுதான் அடுத்த தலைமுறை என்று
எந்த வாயால் சொல்வது?
"தேத்தண்ணி குடிச்சீங்களா" என்று கேட்டேன்.

கழுவிய தண்ணீர் மதிலடிச் செங்கல்லுக்கு ஓடியிருக்கிறது.
சொட்டும் அங்கேதான் விழுகிறது.
மாரி தொடங்கிய கிழமை
செங்கல்லில் பச்சைச் செதில்கள்,
சின்னவிரல் நகத்தளவு.
பாசி என்று சுரண்டப் போனேன்.
ஒன்றின் கவட்டிலிருந்து
நாக்கு நுனிபோல் ஓர் இலை
என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.
கத்தியைக் கீழே வைத்தேன்.

தையில் மதிலுக்கு மேலால் ஒரு தலை.
கீறல் வழியாக அந்தப் பக்கமும் போயிருக்கிறது போல.
"உங்கட செடி எங்கட பக்கம் வருது,
நகரசபைக்கு எழுதட்டா?"

இரண்டு பக்கம் போதுமா என்றும் கேட்டாள்.