ஒகேனக்கல், திறந்த மறுநாள்

குளிக்கலாம் என்று முதலில் சொன்னார்கள்.
பிறகு பரிசலுக்கு அனுமதி.
மசாஜ் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை,
தடையென்றும் இல்லை.
மடம் செக்போஸ்டிலிருந்து அதையே
பேசிக்கொண்டு வந்தோம், நானும் மாதேசும்.

ஏழு மாதம் நான் தொட்டவை:
ஊட்டமலையில் கடலைச்செடி, மண்வெட்டி,
பென்னாகரம் அடகுக்கடையின் கம்பி,
காய்ச்சலில் கிடந்த மகளின் நெற்றி,
அதுவும் துணி சுற்றிய கையால்.

இன்று ஓசூர்க்காரர் ஒருவர்
கால்மணி நேரம் பேரம் பேசிப்
பாறையில் குப்புறப் படுத்தார்,
முகக்கவசத்தோடு.
எண்ணெய் முதுகில் வழிந்து
இடுப்புத் துண்டில் இறங்கும் முன்
உள்ளங்கை அதைப் பிடித்துவிட்டது,
என்னைக் கேட்காமலே.

பாதி முதுகில் இருமினார்.

கை நின்றது.
பக்கத்துப் பாறையில் மாதேசின் கையும்.
அருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.
"பீடி இருமல் தம்பி, வேறொண்ணுமில்ல."
சரி சார் என்றேன்.
தோளிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
விரல்கள் அவர் மூச்சை எண்ணிக்கொண்டே போயின.

மீன் வறுக்கும் குள்ளம்மா
சட்டியிலிருந்து தலை தூக்கிக் கேட்டாள்:
"எல்லாம் எப்பப்பா பழையபடி ஆகும்?"
இருநூறு ரூபாய்த் தாளை
வெயில்பட்ட பாறையில் விரித்து,
காற்றுக்குக் கல் வைத்துக்
காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.
அதில் ஈரமே இல்லை.