நாலு விசில்

படுக்கையில் கிடந்தே சமைக்கிறேன்.
கை அவருடையது, காது என்னுடையது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறாம் நாள்.
குனியக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது.
சிரிக்கக்கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

குழித்துறை டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு
கைலியை மடித்துக் கட்டி நிற்கிறார் டென்னிசன் கண்டக்டர்.
பத்தொன்பது வருஷம் பேச்சிப்பாறை வண்டியில்
நெரிசலுக்குள் நீந்தினவருக்கு
ஆளில்லாத அடுக்களையில் முட்டாத இடமில்லை.

"தொலியுளுந்து எதிலயாக்கும்?"
"ஹார்லிக்ஸ் பாட்டில்ல."
"இதில கடுகுல்லா இருக்கு."
"அதுக்குப் பொறத்த பாருங்க."
பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்குகின்றன,
திருவட்டாறு ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல.

வெறுஞ்சட்டியில் உளுந்து விழுகிறது.
முதலில் மணல் சரியும் சத்தம்,
அப்புறம் ஓட்டின்மேல் தூறல்.
"தீயைக் கொறைங்க."
"நீ எப்பிடி அறிஞ்ச?"
வாசனைக்கு முன்பே சத்தம் வந்துவிடும்.
அவசரப்பட்ட உளுந்து கரகரக்கும்,
பொறுத்திருந்தது முணுமுணுக்கும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
எனக்கென்று ஏதாவது இருக்கட்டும்.

அரிசி இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு,
வெந்தயம் ஒரு கரண்டி, சீரகம் கைக்கு வந்தது,
தேங்காய் பாதி முறி, பூண்டு இருபது பல்.
பூண்டை உரித்து உள்ளங்கையில் ஏந்தி வந்து காட்டுகிறார்.
எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைவு.
"சில்லறை இல்ல, எறங்கும்போ வாங்கிக்க."
தையல் சுண்டியது. சிரிப்பை வயிற்றோடு
தலையணை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"வெள்ளம்?"
"ஒண்ணுக்கு மூணு."
"ஒம்பது" என்றார் உடனே.
அதில் மட்டும் பிழை வராது.

இந்தச் சோற்றை முன்பும் தின்றிருக்கிறேன்.
பதிமூன்று வயதில், உள்ளறையில் பாய்மேல் இருத்தி,
ஏழு நாள், நல்லெண்ணெய் மிதக்க மிதக்க.
இடுப்புக்குப் பலம் என்றார்கள், கருப்பைக்குப் பலம் என்றார்கள்.
பசிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கருப்பை பதினோரு நாள் முன்பு
ஒரு எவர்சில்வர் தட்டில் வெளியே போனது.
அவரைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம்.
கட்டி எலுமிச்சை அளவு என்றார் என்னிடம்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று இருட்டும்வரை சாயைகூடக் குடிக்கவில்லை என்பது
பிளாரிபெல் சொல்லித்தான் தெரியும்.

இன்று காலை, "என்ன திங்கணும் ஒனக்கு?" என்றார்.
உளுந்தஞ்சோறு என்றது வாய், என்னைக் கேளாமல்.
போய்ச் சேர வேண்டிய இடம் இல்லையென்று
உளுந்துக்கு யார் சொல்ல?
இடுப்பு இருக்கிறது. அங்கே இறங்கிக்கொள்ளட்டும்.

முதல் விசில்.
அடுக்களையில் அத்தனை சத்தமும் நின்றது.
ஒற்றை விசிலுக்கு நிற்கப் பழகிய உடம்பு.
இரண்டாவது.
"போலாம், ரைட்!" என்றார். யாரிடமோ.
அதற்குள் பிளாரிபெல் சாளைக் கறியோடு வந்தாள்,
மீன் விலை, மழை, அவள் மாமியாரின் முட்டுவலி.
பேச்சுக்கு நடுவே ஒரு விசில் எங்கோ இறங்கிப் போய்விட்டது.
"நாலாச்சா, அஞ்சாச்சா?"
"ஆறு" என்றேன்.

அடி பிடித்திருந்தது.
ஆனாலும் மூடி திறந்த கணம்
வறுத்த தொலியும் வெந்த பூண்டும்
கட்டில்வரை நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தன.
மழைமேகத்தின் நிறத்தில் சோறு, நடுவில் குழி,
குழியில் நல்லெண்ணெய்.

டிக்கெட்டுக்கு மெஷின் வந்து எவ்வளவோ காலம்.
இன்னும் விரலை நாக்கில் தொட்டுத்தான்
எதையும் எடுப்பார்.
தொட்டு, ஒரு பருக்கையை வாயில் போட்டார்.
முகம் மாறியது.

உப்பு டப்பாவின் மூடி
திறந்தால் எலி மாதிரி கீச்சிடும்.
அந்தச் சத்தம் இன்று வரவேயில்லை.
தெரிந்துதான் சும்மா கிடந்தேன்.
பிளாரிபெல் கறியில் எப்போதும் உப்பு ஒரு கை கூடுதல்.
பிசைந்தால் சரியாய் வந்துவிடும்.

வந்தது.

அடுக்களையில் குக்கரின் அடியை
அவர் தனக்காகச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.
"அந்தக் கரிஞ்சதையும் இஞ்ச கொண்டாங்க" என்றேன்,
"பசிக்கி."